தம் நிலத்துக்கு எதிராக வாதாடிய நிலக்கிழார்

இலண்டன் நகரப் பங்குச் சந்தையிலே கடன் பத்திரங்களை வாங்கி விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய ஒருவர், அச்செல்வத்தைக் கொண்டு நிலம் வாங்கியபின், அந்நிலத்தின் வருவாயைக் குறைக்கக்கூடிய கொள்கையை வகுத்துப் பாராளுமன்றத்திலும் எழுந்து வாதாடினார் என்றால் நம்புதல் எளிதன்று. அவரே டேவிட் றிக்காடோ. பொருளியல் மாணவர்க்கு அவர் பெயர் ஒரு சூத்திரமாய் மட்டும் நின்றுவிட்டது; அச்சூத்திரத்தின் பின்னால் நின்ற மனிதரைப் பலர் அறியார்.

போர்த்துக்கல்லில் வேரூன்றி, ஒல்லாந்து சென்று, அங்கிருந்து இங்கிலாந்தை அடைந்த யூத மரபிலே 1772ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் பங்குத் தரகர், பிள்ளைகளோ ஏராளம். பதினான்காம் வயதிலேயே மைந்தன் தந்தையின் தொழிலிற் புகுந்தார். இருபத்தொரு வயதிற் குவேக்கர் சமயத்துப் பெண்ணொருத்தியை மணந்தமையாற் பெற்றோரின் உறவு அறுந்தது. கையிற் பொருளின்றி வெளியேறிய இளைஞருக்குச் சந்தையிலிருந்த நண்பர்கள் தோள் கொடுத்தனர். சில ஆண்டுகளில் அவர் செல்வரானார்.

பல்கலைக்கழகம் எதனையும் அவர் மிதித்தவரல்லர். 1799இல் பாத் நகரில் தங்கியிருந்தபோது அடம் சிமித்தின் பெருநூல் தற்செயலாக அவர் கைக்கு வந்தது. அன்று பற்றிய தீ பின்னர் அணையவில்லை. 1811 முதல் மால்தஸ் பாதிரியார் அவருக்கு உற்ற நண்பரானார். இருவரும் ஏறத்தாழ ஒவ்வொரு பொருளிலும் முரண்பட்டனர். ஆயினும் மடல்கள் ஓயவில்லை, நட்பும் குன்றவில்லை. 1815இல், வாட்டலூப் போருக்குச் சற்று முன்னர், அரசாங்கம் திரட்டிய கடனில் இருவரும் பங்கு கொண்டனர். மால்தஸ் அஞ்சித் தம் பங்கைச் சிறு இலாபத்துக்கு விற்றுவிட்டார். துணிந்து நின்ற றிக்காடோ பெரும் பயன் பெற்றார். சனத்தொகைப் பெருக்கத்தைக் கண்டு அஞ்சியவர் சந்தையைக் கண்டும் அஞ்சியதில் வியப்பில்லை!

அதே 1815இல், ஒரு குவாட்டர் கோதுமையின் விலை 80 சிலிங்கை எட்டும்வரை பிறநாட்டுக் கோதுமை உள்நாட்டுச் சந்தைக்கு வரலாகாதெனத் தானியச் சட்டம் நிறைவேறிற்று. றிக்காடோ அதனை எதிர்த்தார். சனங்கள் பெருகப் பெருக, வளங்குன்றிய நிலத்தையும் உழவேண்டி வருகிறது. அக்கடைநிலத்திற் பயிர் செய்யும் செலவே தானியத்தின் விலையை நிறுவுகிறது. நல்ல நிலத்துக்குடையவர், அதிகம் உழையாமலே, அவ்விலைக்கும் தம் நிலத்துச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை வாரமாகப் பெறுகின்றார். ஆகவே வாரம் உயர்ந்தமையால் தானியம் விலையேறவில்லை. தானியம் விலையேறியமையாலேயே வாரம் உயர்ந்தது. இவ்வாறு அவர் எழுதிய வேளையிற் கேட்கம் பார்க் என்னும் பண்ணை அவருடைய உடைமை, 1814இலே வாங்கியது. நாட்டின் கடனைத் தீர்க்கச் சொத்துடையோர் அனைவர்மீதும் ஒரு தடவை வரி விதிக்கலாமென்றும் பின்னர் அவர் வற்புறுத்தினார். அதில் அவர் சொத்தும் அடங்கும்.

1817இல் வெளிவந்த அவர் பெருநூலிலேதான் ஒப்புச் செலவுத் தத்துவம் இடம்பெற்றது. ஓராண்டிற் குறித்த அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேரும், குறித்த அளவு வைன் ஆக்க 120 பேரும் வேண்டும் என்க. போர்த்துக்கல்லிலோ துணிக்கு 90 பேரும் வைனுக்கு 80 பேரும் போதும். இரண்டிலும் போர்த்துக்கல்லே வல்லது. எனினும் வைனை மட்டும் ஆக்கித் துணியை இங்கிலாந்திடம் வாங்குதலே அதற்கு நயம். 80 பேரின் உழைப்பைக் கொடுத்து, தானே செய்தால் 90 பேர் வேண்டிய துணியை அது பெறுகிறது. இங்கிலாந்தும் 100 பேரின் உழைப்புக்கு, 120 பேர் வேண்டிய வைனைப் பெறுகிறது. முதல் எளிதில் நாடுவிட்டு நாடு செல்லாது என்பதும் இவ்வாதத்தின் அடிப்படை. பிற்காலத்தார் அதனை எளிதில் மறந்தனர். வைன் நாடும் துணி நாடும் காலப்போக்கில் ஒரே வேகத்தில் வளருமா என்ற கேள்வியை இக்கணக்குத் தொடவில்லை. இது குறையே என்பது எம் எண்ணம்.

1819இல் அயர்லாந்துத் தொகுதியொன்றின் பெயரால் அவர் பாராளுமன்றம் புகுந்தார். அத்தொகுதி விலை கொடுத்துப் பெறப்பட்டது. அங்ஙனம் புகுந்தவரே தேர்தல் சீர்திருத்தத்தையும் இரகசிய வாக்கையும் ஆதரித்தார். இயந்திரங்கள் எல்லா வகுப்பாருக்கும் நன்மை தருமென்பதே அதுவரை அவர் கொண்ட கருத்து. தறிகளை உடைத்த தொழிலாளரை அறியாதோர் என்று கற்றோர் இகழ்ந்த காலம் அது. ஆனால் 1821இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பில் இயந்திரம் பற்றிப் புதிய அத்தியாயமொன்றை எழுதித் தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். கூலிக்குச் செலவிடும் முதலை இயந்திரத்தில் முடக்கினால், முதலாளியின் இலாபம் குன்றாமலே தொழிலாளர் வேலையிழக்கக்கூடும். அவர்களுடைய அச்சம் பேதைமையன்று என்று கண்டார். இயந்திரத்தைத் தடுத்தால் முதல் பிறநாடு செல்லும் என்பதால் அதனைத் தடுக்குமாறு அவர் கூறவில்லை. ஆயினும் அவர் கொள்கைகளைப் பரப்பிவந்த மக்கலக் இதனாற் பெரிதும் மனங்கலங்கினார். தலைவர் தளர்ந்தார் எனச் சீடர் வருந்தினார்; எமக்கோ அவர் வாழ்விற் சிறந்த செயல் இதுவே எனத் தோன்றுகிறது.

1823 செப்டெம்பரிற் காதிலே தோன்றிய நோய் மூளையைப் பற்றி, 51ஆம் வயதில் அவர் கேட்கம் பார்க்கில் இறந்தார். அவர் எதிர்த்த தானியச் சட்டம் 1846இலேதான் நீக்கப்பட்டது. இறப்பதற்குச் சில நாள் முன்வரை, பொருளின் பெறுமதியை அளக்கும் கோல் எது என்பது பற்றி மால்தசுடன் மடல் வழி வாதித்துக்கொண்டிருந்தார். அப்பொருள் பற்றி அவர் தொடங்கிய கட்டுரை முற்றுப்பெறாமலே நின்று, 1951இல் முதன்முறையாக அச்சேறிற்று.