கையிலே மொழி கண்ட ஆசான்

காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி 1739-ஆம் ஆண்டில் புகுந்தது. 1954 நவம்பர் முதல் நாள் வெளியேறிற்று. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட ஆண்டுகள் நீங்கலாக, சர்க்கார் காகிதம் பிரெஞ்சிலே பேசிற்று. அரிசிலாற்றங்கரை மக்கள் தமிழிலே பேசினர். வீட்டிலே தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை பிரெஞ்சுப் பள்ளியின் பெஞ்சிலே அமர்ந்து, ஆசிரியரின் வாயைப் பார்த்து விழித்த காலம் அது. பிள்ளைக்கு அறிவில்லையா? இருந்தது. மொழியில்லையா? அதுவும் இருந்தது. ஆசிரியர் பேசிய மொழி வேறு, அவ்வளவுதான்!

காது கேளாத பிள்ளைக்கு எல்லா ஊரிலும், எல்லாக் காலத்திலும் இதே நிலைதான். அதற்கு ‘ஊமை’ என்று பெயர் சூட்டி, முற்பிறப்பின் வினை என்று முத்திரை குத்தி, திண்ணையிலே உட்கார்த்தி வைத்தது சமுதாயம். குறை பிள்ளையிடமா, கற்பிக்கும் முறையிலா என்று கேட்டவர் சிலரே. அவர்களுள் ஒருவர், காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் பெற்ற அந்த நாளில் இருபத்தாறு வயது இளைஞராக இருந்தார். அவர்தான் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே.

1712 நவம்பர் 24-ஆம் நாள் வெர்சாய் நகரிலே பிறந்தார். தந்தை அரசாங்கக் கட்டட வல்லுநர், வசதியான குடும்பம். மகன் பாதிரியாராக விரும்பினார். சமயத் தலைமை நீட்டிய உறுதிமொழித் தாளிலே கையெழுத்திட மனச்சான்று இடந்தரவில்லை, மறுத்தார். பதவி தள்ளிப்போயிற்று. சட்டம் படித்தார். பிற்பாடு குருப்பட்டம் கிடைத்தும், மேலிடத்தின் ஐயப்பார்வை அவரை விடவில்லை.

1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசு நகரில் ஒரு வீட்டுக்குச் சென்றார். அங்கே இரு பெண்கள் தையல் வேலையில் ஆழ்ந்திருந்தனர். பேசினார், பதில் இல்லை. மீண்டும் பேசினார், தலையே நிமிரவில்லை. தாய் வந்து கண்ணீரோடு கூறிய பிறகுதான் இருவருக்கும் காது கேளாது என்பது விளங்கிற்று. படங்களைக் காட்டிக் கற்பித்து வந்த பாதிரியாரும் இறந்துபோயிருந்தார். அந்தப் பொறுப்பைத் தெ லெப்பே ஏற்றார். சமயம் போதிப்பதே அவரது முதல் நோக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் திறந்த கதவு அதைவிடப் பெரிது.

அந்நாளில் ஐரோப்பாவிலே காது கேளாதோருக்குக் கற்பித்தவர் ஒருசிலர் இருந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு, ஒருவர் இருவருக்கு, பெரும்பொருள் பெற்று, வாயால் பேசப் பழக்கினார்கள். முறையைப் பிறர் அறியாமல் மறைத்தவர்களும் உண்டு. தெ லெப்பே என்ன செய்தார்? தம் வீட்டையே பள்ளியாக்கினார். ஏழை, செல்வர் என்று பாராமல் சேர்த்தார். கூலி பெறவில்லை, தம் சொத்தின் வருவாயைச் செலவிட்டார். வருவோர் காணப் பாடம் நடத்தினார். 1776-இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு நேரில் கண்டு வியந்து, அம்முறையைக் கற்றுவர ஒருவரை அனுப்பினார். 1779-இல் வியன்னாவிலும் பள்ளி எழுந்தது.

அந்த வகுப்பு எப்படி நடந்தது? பிள்ளைகள் தமக்குள் கைகளால் பேசிக்கொள்வதை அவர் கவனித்தார். தடுக்கவில்லை, கற்றுக்கொண்டார்! ஆசிரியர் மாணவரானார். பொருளைக் காட்டினார், அதற்குரிய சைகையைச் செய்தார், சொல்லைப் பலகையிலே எழுதினார். 1620-இல் ஸ்பெயினிலே வெளிவந்த போனேயின் நூலிலிருந்து விரல் எழுத்துக்களைக் கொண்டுவந்தார். காட்ட முடியாத கருத்தைப் பகுத்துக் காட்டினார். ‘நம்புகிறேன்’ என்ற சொல்லை எப்படி விளக்குவது? அறிவு ஆம் என்கிறது, உள்ளம் ஆம் என்கிறது, வாய் ஆம் என்கிறது, கண் மட்டும் காணவில்லை என்று நான்கு படியாகச் சைகை செய்தார்.

குறையே இல்லாத முறையா? இல்லை. பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சைகையைப் படைத்து, பிள்ளைகளின் இயல்பான கைமொழிமீது ஏற்றினார். வகுப்பிலே அதைக் கொண்டு எழுதிய மாணவர், வெளியே வந்ததும் தங்கள் சைகைக்கே திரும்பினர். அவர்களது சைகையே முழுமையான மொழி என்பதை அவர் முழுதும் உணரவில்லை. எனினும் மொழி செவி வழியாகத்தான் வரவேண்டும் என்ற கோட்டையை உடைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

முதுமையிலே, கடுங்குளிரிலும் தம் அறைக்கு விறகு வாங்காமல் அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார் என்பர். 1789 டிசம்பர் 23-இல், புரட்சி வெடித்த அதே ஆண்டில், மறைந்தார். 1791-இல் புரட்சி அரசு அவர் பள்ளியைத் தேசத்தின் நிறுவனமாக்கிற்று. அங்கே பயின்று, அங்கேயே ஆசிரியரான லொரான் கிளேர், தாமே காது கேளாதவர், கடல்கடந்து சென்று 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரிலே பள்ளி அமைக்கத் துணைநின்றார். தெ லெப்பே நட்டது அங்கேயும் தழைத்தது.

பிறகு வந்தது கேடு. 1880-இல் மிலான் நகரிலே ஆசிரியர் மாநாடு கூடிற்று. கூடியவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர்! வாய்ப்பேச்சே போதனை முறை, சைகை ஆகாது என்று தீர்மானித்தார்கள். யாரைப் பற்றிய தீர்மானமோ, அவர்கள் அவையிலே இல்லை. காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தனர். மேசைக்கடியிலே ஒளித்துக் கைபேசும் தலைமுறைகள் உருவாயின. அந்தத் தீர்மானத்துக்கு அதே மாநாட்டின் வழிவந்தோர் வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆயிற்று; 130 ஆண்டுகள்! பிரான்சு தன் சைகை மொழியை முழு மொழியாகச் சட்டத்தில் ஏற்றதும் 2005-இல்தான்.

நம் நாட்டிலே 2015-இல் இந்தியச் சைகை மொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்களுக்கேற்ற மொழியிலும் முறையிலும் கல்வி தரவேண்டும் என்கிறது. சைகை மொழியும் பிரெயிலும் அறிந்த ஆசிரியரைப் பயிற்றுவித்து அமர்த்தவேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளி ஆசிரியரையும் சேர்த்தே சொல்கிறது. காரைக்கால் ஆனாலும் கடலூர் ஆனாலும் சட்டம் ஒன்றே.

சட்டம் ஏட்டிலே இருக்கிறது. வகுப்பிலே? கரும்பலகையை நோக்கி, முதுகைக் காட்டிப் பாடம் சொல்லும் ஆசிரியரின் உதடு அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? முகம் காட்டிப் பேசுவதற்கும், பேசியதை எழுதிப் போடுவதற்கும், முன்வரிசையிலே இடம் தருவதற்கும் செலவென்ன? இவை முதற்படி. அடுத்த படி, ஆசிரியர் அந்தப் பிள்ளையின் மொழியைக் கற்பது. பள்ளி நிர்வாகமும் அரசும் அதற்கு நேரமும் பயிற்சியும் தருவது. அந்நிய மொழி வகுப்பிலே விழித்திருந்தவர்களின் பேரர்களுக்கு இந்த நியாயத்தை விளக்கவேண்டியதில்லை. பிள்ளையை நோக்கி ஆசிரியர் ஓர் அடி எடுத்துவைக்கட்டும். இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெ லெப்பே எடுத்துவைத்த அடிதான் அது!