பிராம் ஸ்டோக்கர்

ஏபிரகாம் "பிராம்" ஸ்டோக்கர் (நவம்பர் 8, 1847 – ஏப்ரல் 20, 1912) அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த எழுத்தாளரும் நாடக அரங்க மேலாளரும் ஆவார். 1897 இல் வெளிவந்த டிராகுலா என்னும் புதினத்தினால் பெரிதும் அறியப்படுகிறார். மிகுபுனைவுப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் இடம்பெறும் இரத்தக் காட்டேரியின் உருவம், நாட்டார் நம்பிக்கைகளைக் காட்டிலும் இவரது புதினத்தையே மிகுதியாகத் தழுவியது.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் டப்ளின் நகரின் குளொன்டார்ஃப் பகுதியில் ஏழு பிள்ளைகளுள் மூன்றாமவராகப் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். காரணம் அறியப்படாத நோயினால் ஏழு வயது வரை படுக்கையிலேயே இருந்தார். 1832 இல் ஸ்லைகோ நகரில் பரவிய வாந்திபேதியை நேரில் கண்ட தாய் சார்லட், அந்நிகழ்வுகளை மகனுக்குக் கூறினார். பின்னர் உடல்நலம் தேறி, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சிறந்த விளையாட்டு வீரராகத் திகழ்ந்தார்.

அரசுப் பணியில் இருந்தவாறே நாளிதழ் ஒன்றுக்கு நாடக விமர்சனங்கள் எழுதினார். அதன் வழியாக நடிகர் ஹென்றி இர்விங்கின் நட்பு கிடைத்தது. 1878 இல் புளோரன்ஸ் பால்கோம் என்பவரை மணந்து இலண்டனில் குடியேறி, இர்விங்கின் லைசியம் அரங்கில் 27 ஆண்டுகள் மேலாளராகப் பணியாற்றினார்.

டிராகுலா புதினம்

1890 இல் விட்பி நகரில் தங்கியிருந்தபோது, அங்குள்ள நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் எழுதிய நூலொன்றில் டிராகுலா என்ற பெயரைக் கண்டார். எமிலி ஜெரார்ட் 1885 இல் எழுதிய திரான்சில்வேனிய நம்பிக்கைகள் பற்றிய கட்டுரையும் இவருக்குப் பயன்பட்டது. கதையின் களமான திரான்சில்வேனியாவுக்கு இவர் ஒருபோதும் சென்றதில்லை.

நாட்டார் வழக்காற்றுடன் ஒப்பீடு

கிழக்கு ஐரோப்பிய வழக்காற்றில் இரத்தக் காட்டேரி பெரும்பாலும் அண்மையில் இறந்த ஒரு சிற்றூர்வாசியே. அது முதலில் தன் உறவினரையும் அண்டை வீட்டாரையும் தாக்கும் என நம்பப்பட்டது. 1725 இல் செர்பியாவின் கிசில்யெவோ ஊரில் அடுத்தடுத்துப் பலர் இறந்தபோது, பீட்டர் பிளகோயெவிச் என்பவரின் சடலம் தோண்டி எடுக்கப்பட்டு, கழுவேற்றி எரிக்கப்பட்டது. உப்பிய உடலும் வாயோரக் குருதியும் காட்டேரியின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. இவை சடலம் அழுகும்போது இயல்பாகத் தோன்றும் மாற்றங்களே. காட்டேரி அச்சத்தால் கல்லறைகளைத் தோண்டுவதை ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1755 இல் தடை செய்தார்.

ஸ்டோக்கர் பூண்டு, கழுமரம் ஆகியவற்றை வழக்காற்றிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் சிற்றூர்ச் சடலத்தின் இடத்தில் கோட்டையில் வாழும் பிரபு ஒருவரை வைத்தார். கண்ணாடியில் உருவம் தெரியாமை இவரது கற்பனை எனக் கருதப்படுகிறது. இவரது டிராகுலா பகலிலும் நடமாடக்கூடியவர். சூரிய ஒளியால் காட்டேரி அழிவது 1922 இல் வெளியான நொஸ்பெராட்டு திரைப்படத்தின் வழியாகவே பரவியது.

பாத்திரமேற்பு விளையாட்டுகளில்

இவ்வகை விளையாட்டில், ஆடுவோர் கற்பனை மாந்தராகத் தம்மைப் பாவித்து விதிநூலின்படி கதையை நகர்த்துவர். 1974 இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் கண்ணாடி, பூண்டு, சவப்பெட்டி, வௌவால் உருவம் ஆகியவை காட்டேரிக்குரிய விதிகளாயின. தாக்கப்பட்டவரின் ஆற்றல் நிலைகளைக் குறைப்பது விளையாட்டுக்கே உரிய சேர்க்கையாகும். 1983 இல் வெளியான ரேவன்லாஃப்டில் வரும் ஸ்ட்ராட் பிரபு, டிராகுலாவின் நேரடிச் சாயல் கொண்டவர். 1991 இல் வெளியான வாம்பயர்: த மாஸ்குரேட் விளையாட்டில் ஆடுவோரே காட்டேரிகளாகின்றனர், பூண்டு அதில் வெறும் மூடநம்பிக்கையாகிறது. கொள்ளைநோய்க்கு விளக்கம் தேடிய சிற்றூர் மக்களின் அச்சம் இவ்விளையாட்டுகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இறுதிக்காலம்

1905 இல் இர்விங் மறைந்த பின்னர் ஸ்டோக்கரின் உடல்நலமும் வருவாயும் குன்றின. 1911 இல் எழுத்தாளர்களுக்கான அரச நிதியத்திடம் உதவி கோரி 100 பவுன் பெற்றார். மறு ஆண்டு இலண்டனில் காலமானார். நொஸ்பெராட்டு அனுமதியின்றி எடுக்கப்பட்டதால் புளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். படச்சுருள்களை அழிக்குமாறு 1925 இல் தீர்ப்பாயிற்று. எனினும் சில படிகள் தப்பின. டிராகுலாவுக்காக ஸ்டோக்கர் எழுதிய குறிப்புகள் 1913 இல் இரண்டு பவுனுக்குச் சற்றே கூடுதலான விலைக்கு ஏலம் போயின. வழக்காற்றிலிருந்து இவர் பெற்றவை எவை, தாமே படைத்தவை எவை எனப் பகுத்தறிய அவையே முதன்மைச் சான்றாக உள்ளன. அவை பிலடெல்பியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.