ஜாதிக்காய் விழுங்கும் புறா!
தீவு தீவாக அலைந்த வாலேஸ்

1852-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அட்லாண்டிக் கடலில் ஒரு கப்பல் தீப்பிடித்து எரிந்தது. அதில் இருந்தவர்கள் படகுகளில் ஏறி, 10 நாள் கடலில் தத்தளித்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஆல்பிரட் ரசல் வாலேஸ். அமேசான் காட்டில் பாடுபட்டுச் சேர்த்து, அவர் உடன் கொண்டுவந்த பறவைகளும் பூச்சிகளும் தீக்கு இரையாகிவிட்டன.

ஏழை வீட்டுப் பிள்ளை

வாலேஸ் 1823-ல் பிரிட்டனில் பிறந்தவர். வறுமையால் 14 வயதிலேயே படிப்பு நின்றது. நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். பிறகு, பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து விற்பதே அவர் பிழைப்பாயிற்று.

எல்லாம் போன பிறகும் அவர் மூலையில் முடங்கவில்லை. 1854-ல் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். மலாய்த் தீவுகளில் 8 ஆண்டு சுற்றினார். சமையல் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற இளைஞன், பறவை சுடக் கற்று அவருக்கு வலது கையானான்.

முதலில் குரல்

1857-ல் வாலேஸ் பாண்டா தீவுக்குப் போனார். அது ஜாதிக்காய் விளையும் ஊர். மரத்தின் மேலிருந்து முழக்கம் போல ஒரு குரல் ஓயாமல் கேட்டது. அது ஒரு பெரிய புறா! சாம்பல் நிறத் தலை. பச்சை நிற முதுகு. இலைகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

அந்தப் புறா ஜாதிக்காயை அப்படியே விழுங்கும். கொட்டையைச் சுற்றியுள்ள சிவப்பு ஜாதிபத்திரிதான் அதற்கு உணவு. கொட்டை சேதமில்லாமல் வெளியே வந்துவிடும். விழுந்த இடத்தில் முளைக்கும். இப்படிப் புறாவே விதை விதைக்கிறது!

குரங்கு இல்லாத தீவு

போர்னியோவைவிட நியூகினிப் பக்கம் புறாக்கள் அதிகம். ஏன்? வாலேஸ் யோசித்தார். புறா நாலு குச்சியை வைத்துக் கூடு கட்டும். குரங்கு முட்டையை எளிதில் எடுத்துவிடும். நியூகினியிலோ குரங்கே இல்லை! இதுவே காரணம் என்று 1865-ல் எழுதினார்.

இப்படிக் கேள்வி கேட்ட மனம்தான், உயிரினங்கள் மாறுவது எப்படி என்பதையும் கண்டது. 1858-ல் அதை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். அதே ஆண்டு லண்டனில் இருவர் கருத்தும் ஒன்றாகப் படிக்கப்பட்டன.

வாலேஸ் 1913-ல், தமது 90-வது வயதில் காலமானார். ஆரு தீவுக் காடுகளில் வாழும் ஒரு பழப்புறா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.