ஐந்து நிமிடச் சிரிப்பு!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. மழையை நம்பிப் பாடுபடும் உழவருக்கு நீண்ட பிரசங்கம் கேட்க நேரம் ஏது? அப்படிப்பட்ட பாமர மக்களின் மனம் அறிந்து பேசியவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன்.

1946-ல் தென்கச்சிப் பெருமாள் நத்தம் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயம் படித்தார். 1977-ல் திருநெல்வேலி வானொலியில் சேர்ந்தார். உழவர்களுக்கான நிகழ்ச்சிகளைக் கவனித்தார்.

பின்பு சென்னை வானொலிக்கு வந்தார். அங்கே 'இன்று ஒரு தகவல்' அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. காலை வேளையில் சுமார் ஐந்து நிமிடம்தான்!

கத்தரித்தது எதை?

அதற்குள் தகவலும் வேண்டும், சிரிப்பும் வேண்டும். நேரம் முடிந்தால் அடுத்த நிகழ்ச்சி காத்திராது. எதைக் கத்தரிப்பது?

நீண்ட முன்னுரைக்கும் அடுக்குமொழிக்கும் அவர் இடம் தரவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போன்ற பேச்சு. கடைசியில் வரும் நகைச்சுவைக் கதையை மட்டும் விடமாட்டார். தகவலை மனதில் தங்க வைப்பதே அந்தக் கதைதான்!

அவர் சிரிக்காமல் சொல்வார். கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

2009-ல் அவர் மறைந்தார். சுருக்கமாகப் பேசினால் ஊரே கேட்கும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.