திருகைக்குக் கணக்கு எழுதிய தஞ்சாவூர்க்காரர்

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, நம்பர் 1 டோல்கேட் வழியாகப் போனால் மண்ணச்சநல்லூர். திருச்சி மாவட்டத்தில் நெல் விளைவிக்கும் உங்களுக்கு அந்த ஊர் அரிசி ஆலைகளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமியும், 5 முதல் 8 கிலோ தவிடும் வரும். எண்ணெய்ச் சத்தும் பி1 உயிர்ச்சத்தும் அந்தத் தவிட்டில்தான் அதிகம். பல இடங்களில் கூலியோடு தவிட்டையும் ஆலையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். பிறகு மாட்டுக்கென்று அதையே காசு கொடுத்து வாங்குகிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலை 1930களிலேயே கணக்குப் பார்த்தவர் ஜே.சி.குமரப்பா.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். அரசு வசூலிக்கும் வரி எங்கே போகிறது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதே அவருடைய ஆய்வு. அதை அச்சேற்ற வழி தேடி 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். மேல்நாட்டு உடையில் போனவர், சாணம் மெழுகிய தரையில் நூல் நூற்றுக்கொண்டிருந்த பெரியவர்தான் காந்தி என்று முதலில் அறியவில்லை. அந்தச் சந்திப்புக்குப் பிறகு கதருக்கு மாறினார். குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் உழவர்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார்.

கணக்கில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரணப் பணத்துக்கு அவர்தான் கணக்குப் பொறுப்பு. காந்தி தம் உதவியாளர்களோடு அங்கே வந்தபோது, அந்தக் குழுவின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று மறுத்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கியபோது காந்தி இவரையே செயலாளராக்கினார்.

சங்கம் வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் இயங்கியது. செக்கு, உலக்கை, திருகை, தேனீப் பெட்டி, கைக் காகிதம் எல்லாவற்றிலும் அங்கே சோதனை நடந்தது. திருகை என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏந்திரம் என்று சொல்லும் அதே கல்தான். அடிக்கல் அசையாது, மேல்கல் நடு அச்சில் சுழலும், குழியில் போட்ட தானியம் ஓரத்தில் மாவாக விழும். நெல்லுக்குக் கல் ஆகாது, மணி நொறுங்கும். மரத்தாலோ மண்ணாலோ ஆன திருகை உமியை மட்டும் உரித்துவிட்டு, தவிட்டை அரிசியின் மேலேயே விடும். நம் பக்கம் வரகுக்கு மண் பூசிய திருகை வைத்திருந்ததும் இதற்காகத்தான்.

தீட்டாத அரிசியில் ஒரு சிக்கல் உண்டு. தவிட்டிலுள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கெடுக்கும். பூச்சியும் விரும்பி வரும். மாதக்கணக்கில் கிடங்கில் வைத்து, தொலைவுக்கு அனுப்பும் வியாபாரிக்கு அது ஒத்துவராது. வெள்ளை வெளேரென்று தீட்டியதைத்தான் வைத்திருக்க முடியும். ஊரிலேயே வாராவாரம் குத்திச் சாப்பிடுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆக, ஆலை பெரிதாகப் பெரிதாகச் சத்து குறைந்தது. தீட்டிய அரிசியையே உண்பதால் பெரிபெரி நோய் வருவதைக் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் மெக்காரிசன் முதலியோர் ஆராய்ந்திருந்தார்கள். குமரப்பா இன்னொரு பத்தியையும் கூட்டினார்: அரவைக் கூலி, தவிடு, குத்தும் வேலை மூன்றும் ஊரை விட்டுப் போகின்றன.

இந்தக் கூட்டலில் பிழையில்லை. ஆனால் செலவுப் பக்கத்தில் ஒரு வரி விடுபட்டது என்பது என் எண்ணம். ஒரு ஆள் தொடர்ந்து தரக்கூடிய உழைப்பு சுமார் 75 வாட். குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றேகால் நிமிடத்தில் முடிப்பதை அவர் ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும். சுற்றியது பெரும்பாலும் பெண்கள். அந்த நேரத்துக்கு யாரும் கூலி போடவில்லை. என் அம்மா கேழ்வரகு அரைத்த திருகை இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் கிடக்கிறது. ஊருக்கு மாவு மில் வந்த வாரமே அவர் அதை விட்டுவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கைக்குத்தலையும் கருத்தில் கொண்டு அரிசி ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கிய சட்டம் 1958இல் வந்தது. சட்டத்தால் உலக்கையைத் திரும்பப் பிடிக்க வைக்க முடியவில்லை.

அதனால் திருகை முடிந்துபோனது என்று சொல்லிவிடாதீர்கள். கை வலுவைவிடக் கால் வலு அதிகம். மேல்கல்லைப் பந்துத் தாங்கியில் உட்காரவைத்து, சைக்கிள் மிதியோடு சங்கிலியால் இணைத்தால் அதே ஆளால் கூடுதல் நேரம் சலிக்காமல் அரைக்க முடியும். உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். மின்சாரம் நிலையாக இல்லாத மலை ஊர்களில் வீட்டுத் தேவைக்கு இது போதும். விற்பனைக்கென்றால் போதாது; அங்கே சிறு மோட்டார்தான் சரி. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் கொடுத்தபோது, சாமை குத்தும் பாரம் அவர்களுக்குக் குறைந்தது. தவிடும் கூலியும் ஊரிலேயே தங்கின. குமரப்பா இதை எதிர்த்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராகி, உழுபவருக்கே நிலம் என்று 1949இல் அறிக்கை கொடுத்தார். கடைசி ஆண்டுகளில் மதுரை அருகே டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளில் காலமானார்.

அடுத்த முறை நெல் அரைக்கப் போகும்போது தவிட்டையும் தராசில் ஏற்றச் சொல்லுங்கள். அன்றைய தவிட்டு விலையால் பெருக்கி, கொடுத்த கூலியோடு கூட்டிப் பாருங்கள்.