அரிசி வணிகர் மகன் ஊ தாண்ட்

பர்மா அரிசி என்றதும் நம்மில் மூத்த வியாபாரிகளுக்கு ரங்கூன் நினைவு வந்துவிடும். அங்கே கடை வைத்துப் பொருளீட்டிய நம்மவர் பலர். அந்த அரிசி விளையும் ஐராவதிக் கழிமுகத்தில், பந்தனாவ் என்னும் சிற்றூரில், ஓர் அரிசி வணிகரின் மூத்த மகனாக 1909 ஜனவரி 22-ஆம் நாள் பிறந்தவரே ஊ தாண்ட் அவர்கள். தாண்ட் என்பது பெயர். ஊ என்பது பர்மியர் சேர்த்துச் சொல்லும் மரியாதைச் சொல். ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் நாற்காலியில் அமர்ந்த முதல் ஆசியர் அன்னாரே. பல இனத்தார் கூடியிருக்கும் ஒரு சபையை எப்படி நடத்துவது என்பதற்கு அன்னாரின் வாழ்க்கை நல்ல பாடமாதலால், அதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம்.

தகப்பனார் ஊ போ நிட் கல்கத்தாவில் படித்தவர், நிலபுலன் உடையவர். ரங்கூனில் சூரியன் என்ற பொருள்படும் பர்மியப் பத்திரிகை தோன்றத் துணை நின்றவர். குடும்பம் பௌத்த மார்க்கத்தைச் சேர்ந்தது. எனினும் அவர்தம் தொலைவழி முன்னோரில் இந்தியரும் சீனரும், முஸ்லிம்களும் இருந்தனர் என்று பேரர் எழுதியிருக்கிறார். தாண்ட் பதினான்கு வயதை எட்டியபோது தகப்பனார் காலமானார். சொத்துத் தகராறு மூண்டது; செல்வம் கை நழுவியது. தாயாரையும் மூன்று தம்பியரையும் எண்ணி, நான்காண்டுப் பட்டப் படிப்பை விடுத்து, இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சியோடு 1928-இல் ஊர் திரும்பினார். மூன்றே ஆண்டுகளில் அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

அப்பள்ளியில் உடன் பணியாற்றிய நண்பர் ஊ நூ பின்னர் பர்மாவின் பிரதமரானார். நண்பரின் அழைப்பால் தாண்ட் அரசுப் பணிக்கு வந்தார். 1955-இல் பாண்டுங்கில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடிய மாநாட்டிற்கு அன்னாரே செயலாளர். 1957 முதல் ஐ.நா. சபையில் பர்மாவின் பிரதிநிதியாக இருந்தார். அல்ஜீரிய விடுதலைக்காக ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் அமைத்த குழுவுக்கும் தலைமை தாங்கினார்.

1961 செப்டம்பரில் பொதுச் செயலாளர் ஹாமர்ஷோல்ட் ஆப்பிரிக்காவில் விமான விபத்தில் மாண்டார். அப்போது சோவியத் நாடு, ஒருவர் வேண்டாம், மூன்று அணிகளுக்கும் ஒவ்வொருவராக மூவர் இருக்கட்டும் என்று வாதாடி வந்தது. மேனாடுகள் இதை ஏற்கவில்லை. ஒரே கடைக்கு மூன்று முதலாளிகள், ஒருவர் சொல்வதை மற்றவர் தடுக்கலாம் என்றால் அக்கடையின் கதி என்னவென்று நமக்குத் தெரியும். இரு தரப்பும் ஒப்பிய ஒரே பெயர் ஊ தாண்ட். 1961 நவம்பர் 3-ஆம் நாள் இடைக்காலப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு ஒருமனதாக நிரந்தரமாக்கப்பட்டார்.

மூவர் ஆட்சி கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள்ளிருந்த நியாயமான குறையை அன்னார் ஒதுக்கிவிடவில்லை. சபையில் புதிய நாடுகள் வந்து குவிய, அலுவலகத்தின் மேலிடங்களோ பெரும்பாலும் பழையவர் கையிலேயே இருந்தன. ஆகவே தமக்கு ஆலோசகராக எட்டுப் பேரை அமர்த்தினார். அமெரிக்காவின் ரால்ப் பஞ்ச், 1950-இல் சமாதானத்திற்கான நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர். நைஜீரியாவின் அமச்ரீ, எகிப்தின் உமர் லுத்பி, நம் தமிழகத்தின் சி. வி. நரசிம்மன் ஆகியோரும், சோவியத், பிரான்ஸ், பிரேசில், செக்கோஸ்லோவாக்கியா நாட்டாரும் அதில் இடம் பெற்றனர். சபையின் சாசனம் திறமையையும் நேர்மையையும் முதலில் கேட்கிறது. கூடவே உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்களை எடுக்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அன்னார் நடத்திக் காட்டினார்.

இதன் பயன் நம் வாசலுக்கே வந்தது. 1963-இல் மலேசியா அமைய இருந்த வேளையில், சபாவும் சரவாக்கும் மனமுவந்து சேர்கின்றனவா என்ற ஐயத்தை இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் எழுப்பின. மூன்று அரசுகளின் வேண்டுகோளின்படி ஊ தாண்ட் ஒரு குழுவை அனுப்பினார். தலைவர் மைக்கேல்மோர் அமெரிக்கர். உடன் சென்றவர்கள் இலங்கை, பாகிஸ்தான், ஜோர்டான், கானா, ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா, அர்ஜென்டினா, பிரேசில் நாட்டவர். மக்களில் பெரும்பாலோர் மலேசியாவை விரும்புகின்றனர் என்று செப்டம்பர் 14-இல் முடிவு வெளியாயிற்று. செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. ஆயினும் முடிவு வருமுன்பே தேதியை அறிவித்ததற்காகக் கோலாலம்பூரையும் அன்னார் குறை கூறத் தயங்கவில்லை. இந்தோனேசியாவோ முடிவையே ஏற்கவில்லை. தராசு பிடிப்பவருக்கு இரு பக்கத்திலும் மனத்தாங்கல் மிஞ்சுவது புதிதல்ல.

1962-இல் கியூபா நெருக்கடியின்போது கென்னடிக்கும் குருஷ்சேவுக்கும் ஒரே வாசகமுள்ள கடிதங்களை அனுப்பினார். 1967-இல் எகிப்து கேட்டுக்கொண்டபடி சினாய்ப் படையை விலக்கினார். அடுத்த மாதமே போர் மூண்டது. அதற்காக அன்னார் கடும் பழிக்கு ஆளானார். எகிப்தின் சம்மதத்தால் அங்கு நின்ற படை அது. சம்மதம் போனபின் நிறுத்தி வைக்க வழியில்லை என்பதே அன்னாரின் நிலை. அது சரியா என்பது இன்றும் வாதத்திற்குரியதே.

1961 இறுதியில் சபையின் உறுப்பு நாடுகள் 104. பத்தாண்டு கழித்து 1971 இறுதியில் 132. சிங்கப்பூர் 1965-இல் சேர்ந்ததும் அன்னாரின் காலத்திலேயே. மூன்றாம் முறை வேண்டாமென்று அவரே விலகிக்கொண்டார். 1974 நவம்பர் 25-இல் நியூயார்க்கில் புற்றுநோயால் காலமானார். உடல் ரங்கூன் வந்தபோது, ஊ நூவின் நண்பரென்ற காரணத்தால் நே வின் அரசு உரிய மரியாதை செய்ய மறுத்தது. மாணவர்கள் சினங்கொண்டு பெட்டியைத் தூக்கிச் சென்றனர், படை வந்து மீட்டது, உயிர்கள் பலியாயின. உலகமே மதித்தவருக்குத் தாய்நாட்டில் நேர்ந்தது இது.

நம் சங்கங்களிலும் பல ஊரார், பல தொழிலார் இருக்கிறோம். நிர்வாகக் குழுவில் எல்லா ஊருக்கும் இடம் தருவது முதற்படி. அந்த இடத்தில் அமர்ந்தபின் தன் ஊருக்கு மட்டும் பேசாமல் அனைவர்க்கும் பேசுவது அடுத்த படி. முதற்படியோடு நாம் நின்றுவிடுவதால்தான் பல சங்கங்களில் பூசல் தீர்வதில்லை. அடுத்த தேர்தலுக்குப் பெயர் சொல்லுமுன் இதை நாம் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.