பனியில் மாட்டிய கப்பலில் ஒன்பது மாதம்

மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரணும்னு கூட்டமைப்பில் சொன்னப்போ, மற்ற குழுக்காரங்க எல்லாம் நம்ம ஊர்த் தலைவர்களை எடுத்துக்கிட்டாங்க. நான் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் பெயரைக் கொடுத்தேன். அது யாருன்னு பக்கத்தில் இருந்த அக்கா கேட்டாங்க.

காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி எங்க குழுவுக்கு வரவேண்டிய கடன் எட்டு மாசம் இழுத்துக்கிட்டே போச்சு. முதல் இரண்டு மாசம் எல்லாரும் கூட்டத்துக்கு வந்தாங்க. அப்புறம் தீர்மான நோட்டில் கையெழுத்து போட மட்டும் வந்தாங்க. அதுக்கப்புறம் உள்கடன் யாருக்கு எவ்வளவு போச்சுன்னு சண்டை. அந்த நேரத்தில் என் மகள் நூலகத்திலிருந்து இவரைப் பற்றிய புத்தகம் கொண்டு வந்தாள். 28 பேர் போக வழியில்லாமல் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் எப்படித்தான் இருந்தாங்கன்னு தெரிஞ்சுக்கவே படிச்சேன்.

ஷாக்கிள்டன் 1874-இல் அயர்லாந்தில் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டுக் கப்பல் வேலைக்குப் போனார். 1909-இல் தென்துருவத்துக்கு இன்னும் 180 கிலோமீட்டர்தான் இருக்கும்போது, மேலே போனால் திரும்ப உணவு போதாது என்று கூட்டாளிகளோடு திரும்பிவிட்டார். அவ்வளவு கிட்டப் போய்த் திரும்ப எனக்கு மனசு வந்திருக்காது.

அண்டார்டிகாவைக் கரைக்குக் கரை நடந்து கடக்க அடுத்த திட்டம் போட்டார். 1914 டிசம்பர் 5-ஆம் தேதி தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து எண்டூரன்ஸ் என்ற கப்பல் கிளம்பியது. ஜனவரியில் வெட்டல் கடலில் பனி சுற்றி இறுகிக்கொண்டது. பிப்ரவரி நடுவில் கொஞ்ச தூரத்தில் தண்ணீர் தெரிந்தது. ஆட்கள் எல்லாம் இறங்கி ரம்பமும் கடப்பாரையும் வைத்து வெட்டிப் பார்த்தார்கள். வெட்ட வெட்டத் திரும்ப உறைந்தது. குளிர்காலம் முழுக்க இங்கேதான் என்று ஆகிவிட்டது.

அப்போது அவர் செய்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மேல்தளத்து அறைகள் குளிர் தாங்காது என்று, சரக்கு வைக்கும் இடத்தைக் காலி செய்து தச்சரை வைத்துத் தடுப்பு அடித்து எல்லாரையும் அங்கே இறக்கினார். அந்த இருட்டறைக்கு லண்டனின் பெரிய ஓட்டல் பெயரான ரிட்ஸ் என்றே கேலியாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாய்களுக்குப் பனிக்கட்டியாலேயே வெளியே குடில் கட்டினார்கள். கப்பலில் வந்த இரண்டு பன்றிகளுக்கும் தனிக் குடில்! சீல் வேட்டைக்குப் போகணும், கொழுப்பு அடுப்புக்கு, கறி சாப்பாட்டுக்கு. புதுக்கறி இல்லையென்றால் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும் என்பதால், பிடிக்காதவர்களையும் சாப்பிட வைத்தார்கள். தரை துடைக்கிற வேலை படித்த விஞ்ஞானிக்கும் உண்டு, கூலி மாலுமிக்கும் உண்டு. ராத்திரிக் காவல் முறை வைத்து நடந்தது. அடுப்பு அணையாமலும், பனி விரிசல் விடுகிறதா என்றும் ஒருவர் விழித்திருக்கணும்.

மே தொடக்கத்தில் சூரியன் மறைந்தது. திரும்பத் தலைகாட்டியது ஜூலை கடைசியில்தான். அந்த இருட்டில்தான் நாய் வண்டிப் பந்தயம் விட்டார்கள், எல்லாரும் தலையை மொட்டை அடித்துக்கொண்டு படம் பிடித்துக்கொண்டார்கள். ஜூன் 22-இல் வேஷம் கட்டி நாடகம், பாட்டு, விருந்து. ஹஸ்ஸி என்பவர் பாஞ்சோ வாசிப்பார்.

பிறகு பனி கப்பலை நெருக்க ஆரம்பித்தது. கட்டைகள் வளைந்து முறிந்தன. அக்டோபர் 27-ஆம் தேதி எல்லாரும் பனியின் மேல் இறங்கிக் கூடாரம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு கிலோ சாமான்தான் என்றார் ஷாக்கிள்டன். தன்னிடம் இருந்த தங்கக் காசுகளை முதலில் அவரே பனியில் போட்டார். பாஞ்சோவை மட்டும் எடுத்துக்கச் சொன்னார், மனசுக்கு மருந்து என்று. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோல் படுக்கைப் பை பதினெட்டுதான் இருந்தது. மீதிப் பேருக்குக் கம்பளிப் பை, அது குளிருக்குப் போதாது. குலுக்கல் போட்டார்கள். எப்படியோ அதிகாரிகளுக்கெல்லாம் கம்பளி விழுந்தது, மாலுமிகளுக்குத் தோல் விழுந்தது. குலுக்கலில் கோல்மால் நடந்தது மாலுமிகளுக்கே தெரியும். மறுநாள் காலையில் அவரும் இரண்டு பேரும் பால் காய்ச்சிக் கூடாரம் கூடாரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சிலர் ஒரு நன்றி கூடச் சொல்லாமல் வாங்கிக் குடித்தார்களாம். குழுவில் டீ போட்டுக் கொடுத்தவங்களுக்கு இது புரியும்!

மற்றது சுருக்கமாக: நவம்பர் 21-இல் கப்பல் மூழ்கியது. 1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். தரையில் கால் வைத்து 497 நாள் ஆகியிருந்தது. அங்கிருந்து ஆறு பேர் ஒரு சின்னப் படகில் சுமார் 1,300 கிலோமீட்டர் கடலைக் கடந்து உதவி தேடிப் போனார்கள். மூன்று முயற்சி தோற்று நான்காவதில், ஆகஸ்ட் 30-ஆம் தேதி, சிலி நாட்டுக் கப்பலில் வந்து மீதி 22 பேரையும் மீட்டார். 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் இதே பயணத்துக்காக மறுகரையில் உணவு சேர்த்து வைக்கப் போன அணியில் மூன்று பேர் இறந்தார்கள். அதை விட்டுவிட்டுப் பெருமை பேசக் கூடாது.

இன்னொரு விஷயத்தில் அவர் மேல் எனக்கு இன்னும் கோபம். தச்சர் மெக்னிஷ் ஒரு பூனை வளர்த்தார். அவர் பின்னாலேயே சுற்றியதால் ஆண் பூனைக்கு மிசஸ் சிப்பி என்று பெயர். கப்பலை விட்டதும், உணவு போதாது என்று நாய்க்குட்டிகளோடு அதையும் சுடச் சொன்னார். அது அவசியமாகவே இருக்கட்டும். பிறகு ஒருநாள் பனியில் படகை இழுக்க முடியாது என்று தச்சர் எதிர்த்துப் பேசிவிட்டார். ஆனாலும் அந்த ஆறு பேர் போன படகுக்குப் பக்கப் பலகை உயர்த்தி, மேலே மூடி அடித்து, கடலைத் தாங்க வைத்தது அவர் கைதான். கூடவும் போனார். ஊர் திரும்பிப் பதக்கம் கொடுத்தபோது நான்கு பேருக்குச் சிபாரிசு செய்யவில்லை. அதில் அவரும் ஒருவர்.

ஷாக்கிள்டன் கடனோடுதான் வாழ்ந்தார். 1922 ஜனவரி 5-இல், மறுபடி தெற்கே போகிற வழியில், தெற்கு ஜார்ஜியாவில் மாரடைப்பால் இறந்தார். வயது 47. உடலை ஊருக்குக் கொண்டுவர ஏற்பாடு நடந்தபோது, அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்று அவர் மனைவி எமிலி சொல்லிவிட்டார். தச்சர் 1930-இல் நியூசிலாந்தில் வசதியில்லாமல் இறந்தார். 2004-இல் அவர் கல்லறையின் மேல் அந்தப் பூனையின் வெண்கலச் சிலையை வைத்திருக்கிறார்கள்.